புதுப்பிப்பு: பைக்கின் பின்பக்க ஷாக் அப்சார்பர் ரெண்டையும் மாற்றியாச்சு

பின்னால் ஆள் ஏறினால் குலசேகரம் – பேச்சிப்பாறை ரோட்டில் ஒவ்வொரு குழிக்கும் ‘டக்’கென்று அடிக்கிறது, இடது ஷாக்கில் எண்ணெய் கசிகிறது, அதை மட்டும் மாற்றினால் போதுமா என்று கேட்டிருந்தேன். ஜோடியாகவே மாற்றிவிட்டேன் மக்கா. கசியாத வலது ஷாக்கில், உள்ளே போய் வரும் கம்பியிலும் (ராட்) பொடிப்பொடியாகத் துருப்புள்ளிகள். வீடு குளச்சலில், கடல்காற்று சும்மா விடுமா? அந்தப் புள்ளிகள் மேலும் கீழும் ஓடி, எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் ரப்பர் அடைப்பை (சீல்) அறுத்துவிடும்; அடுத்து கசியப்போவது அதுதான்.

வேலை பெரிதில்லை. சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி ஒரு பக்கம் முடித்த பிறகே மறுபக்கத்தைத் தொட வேண்டும். அப்போதுதான் பின்சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங்ஆர்ம் கீழே தொங்காது. கீழ் போல்ட் மட்டும் துருப்பிடித்து அடம்பிடித்தது. துரு இளக்கும் ஸ்பிரே அடித்து ராத்திரி முழுக்க விட்டதும் வந்தது.

அப்புறம் ப்ரீலோடு, அதாவது ஸ்பிரிங்கை முன்கூட்டியே எவ்வளவு அமுக்கி வைக்கிறோம் என்பது. அதற்கு ஷாக்கில் இருக்கும் படி வளையத்தை ஏற்றினால் ஸ்பிரிங் கடினமாகும் என்று சிலர் எழுதியிருந்தீர்கள். ஸ்பிரிங் அதேதான், பாரம் ஏறும்போது வண்டி எவ்வளவு அமுங்கி நிற்கிறது என்பதுதான் மாறும். தனியாகப் போக இரண்டாவது படி, வீட்டம்மா ஏறினால் நான்காவது. இரண்டு பக்கமும் ஒரே படியில் இருக்கணும், அதில் சமரசம் கிடையாது.

பின்பக்கம் கொஞ்சம் உயர்ந்ததால் செயின் தொய்வைத் திரும்பப் பார்த்தேன். ஹெட்லைட் வெளிச்சமும் கீழே இறங்கியிருந்தது, அதையும் ஏற்றி வைத்தாச்சு.