எரிவாயுக் கலன் ஸ்லரியிலிருந்து தழைச்சத்தை (நைட்ரஜனை) பிரித்தெடுக்க இயலுமா?

கேள்வி – விடுதிப் பொறுப்பாளர்:
எங்கள் கல்லூரி விடுதியின் உணவுக் கழிவு முழுவதும் எரிவாயுக் கலனுக்குச் செல்கிறது. நாள்தோறும் சுமார் 500 லிட்டர் ஸ்லரி, அதாவது செரித்த கழிவுக் குழம்பு, வெளியேறுகிறது. அதைத் திறந்த தொட்டியில் காயவைத்துத் தோட்டத்துக்கு இடுகிறோம். தொட்டியருகே நின்றால் கண் எரியுமளவுக்கு அமோனியா நெடி அடிக்கிறது. இதை அமோனியம் சல்பேட் உரமாகப் பிடிக்க இயலுமா?

பதில் – வேதிப்பொறியாளர்:
இயலும். புரதம் காற்றில்லாமல் சிதையும்போது அதிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி அமோனியமாக மாறி நீரில் கரைந்துவிடுகிறது. எரிவாயுவோடு போவது மிகச் சொற்பம். சக்கையை வடிகட்டிய நீரை 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்கி, சுண்ணாம்பு சேர்த்து பிஎச் (காரத்தன்மை) அளவை 10க்கு மேல் உயர்த்தி, உயரமான கோபுரக் கலனில் விட்டு அடியிலிருந்து காற்றை ஊதினால் அமோனியா வாயுவாகப் பிரியும். அதைக் கந்தக அமிலத்தில் பிடித்தால் அமோனியம் சல்பேட் கரைசல் கிடைக்கும்.

ஆனால் கணக்கைப் பாருங்கள். லிட்டருக்கு 3 கிராம் அமோனிய நைட்ரஜன் இருப்பதாகக் கொண்டால், உங்களுக்கு ஒரு நாளில் கிடைப்பது 1.5 கிலோ. முழுவதையும் பிடித்தாலும் 7 கிலோ உரம்தான்; அதற்கு 5 கிலோவுக்கு மேல் அமிலம் வேண்டும். 45 கிலோ யூரியா மூட்டை ஒன்றிலுள்ள தழைச்சத்தைச் சேர்க்க இரண்டு வாரம் ஆகும். அடர் அமிலத்தை விடுதி வளாகத்தில் வைத்துக் கையாள்வதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கேள்வி கேட்டவர்:
அமிலமே இல்லாத வழி உண்டா? ஸ்ட்ரூவைட் பற்றிப் படித்தேன்.

பதில் – வேதிப்பொறியாளர்:
ஸ்ட்ரூவைட் என்பது மக்னீசியம், அமோனியம், பாஸ்பேட் மூன்றும் சேர்ந்து படியும் உப்பு; அதில் தழைச்சத்து 6 சதவீதத்துக்கும் குறைவு. ஸ்லரியிலுள்ள பாஸ்பரஸ் தீர்ந்ததும் படிவது நின்றுவிடும்; அமோனியத்தில் பெரும்பகுதி நீரிலேயே தங்கிவிடும். அமிலத்துக்குப் பதிலாக, சல்பேட்டைத் தரும் ஜிப்சத்தைப் பயன்படுத்தும் முறை பழமையானது. 1951இல் உற்பத்தியைத் தொடங்கிய, இன்றைய ஜார்க்கண்டிலுள்ள சிந்திரி உர ஆலை அவ்வழியில்தான் அமோனியம் சல்பேட் தயாரித்தது. எனினும் அது பெரிய ஆலைக்கே கட்டுப்படியாகும்.

பதில் – இயற்கை விவசாயி:
ஐயா, முதலில் காயவைப்பதை நிறுத்துங்கள். உங்கள் கண்ணை எரிக்கும் அந்த நெடிதான் தழைச்சத்து. வெயிலில் காயக் காய அது காற்றோடு போய், மிஞ்சுவது பெரும்பாலும் சக்கை. ஸ்லரியை மூடிய தொட்டியில் சேமித்து, மாலை வேளையில் பாசன நீருடன் கலந்து சாலில் விட்டு, உடனே மண் அணைத்துவிடுங்கள். சமைத்த உணவின் உப்பும் அதில் இருப்பதால் நன்றாக நீர்த்துப் பாய்ச்ச வேண்டும், நாற்றுகளுக்கு வேண்டாம். வாழைக்கும் தீவனப்புல்லுக்கும் தாராளமாக விடலாம்.