புதுப்பிப்பு: சிகிச்சைக்குப் பின் அப்பாவின் தளர்ச்சி

கிளியோபிளாஸ்டோமா என்னும் மூளைப் புற்றுக்கட்டிக்கு அறுவை சிகிச்சையும் 6 வாரக் கதிர்வீச்சும் டெமோசோலோமைடு என்ற புற்றுநோய் மருந்தும் முடிந்த இரண்டாம் மாதத்திலேயே அப்பாவின் இடது கை தளர்ந்ததே, கட்டி மீண்டும் வளர்கிறதா என்று முன்பு கேட்டிருந்தேன். எம்.ஆர்.ஐ. படத்தில் வெள்ளைப் பகுதி பெரிதாகியிருந்தாலும், கதிர்வீச்சு முடிந்த முதல் 3 மாதங்களுக்குள் சிகிச்சையால் உண்டாகும் வீக்கமும் கட்டியின் வளர்ச்சியும் ஏறக்குறைய ஒன்றுபோலவே தெரியக்கூடும் என்பதால், மருத்துவர் உடனே முடிவுக்கு வரவில்லை. டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மருந்தின் அளவைக் கூட்டிய நான்காம் நாள் அப்பா தாமே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டார். நான்தான் அவசரப்பட்டு மகிழ்ந்துவிட்டேன். அந்த மருந்து வடியச் செய்வது வீக்கத்தை, கட்டியை அல்ல. நாள்பட எடுத்தால் அது தொடைத் தசைகளையும் பலவீனமாக்கும் என்பதால், நாற்காலியிலிருந்து எழ அவர் திணறுவது கட்டியாலா மருந்தாலா என்று பிரித்துச் சொல்வது கடினமாயிருக்கிறது. எட்டு வாரம் கழித்து எடுத்த படத்தைப் பார்த்து, கட்டியின் வளர்ச்சிதான் என்றார் மருத்துவர். மறு அறுவை வேண்டாம் என்று அப்பாவே சொல்லிவிட்டார்.