தில்லியின் கோடைப் புழுதிப்புயல் டொர்னேடோவா?

கேள்வி (மயூர் விகார்):
மே மாத மாலைகளில் தில்லியைத் தாக்கும் புழுதிப்புயல், எங்கள் குடியிருப்பில் மரங்களைச் சாய்த்து, மாடித் தண்ணீர்த் தொட்டிகளையும் உருட்டிவிடுகிறது. இது டொர்னேடோ (இடிமேகத்திலிருந்து தரைவரை நீளும் சுழல்காற்று) வகையைச் சேர்ந்ததா, இந்நகரில் அப்படி ஒன்று வீசியதுண்டா என்று விவரம் அறிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பதில் (கரோல் பாக்):
வீசியதுண்டு. 1978 மார்ச் 17 அன்று வடதில்லியில், பல்கலைக்கழகத்தை ஒட்டிய பகுதியில் வீசிய டொர்னேடோவில் 28 பேர் உயிரிழந்தனர். ஆனால் நீங்கள் காண்பது பெரும்பாலும் வேறு: இடிமேகத்திலிருந்து விழும் மழை, கீழேயுள்ள வறண்ட காற்றில் ஆவியாகி அதைக் குளிர்விக்க, கனத்துப்போன அக்காற்று தரையில் மோதி நாற்புறமும் பாய்ந்து புழுதியை வாரியெடுக்கிறது. 2022 மே 30 அன்று தில்லியில் வீசிய இடிப்புயலின் காற்று மணிக்கு ஏறத்தாழ 100 கிலோமீட்டர் வேகத்தை எட்டி, ஜாமா மசூதியின் நடுக்குவிமாடத்துக் கலசத்தையே உடைத்தது.

பதில் (ஆர்.கே.புரம்):
சேதத்தைப் பார்த்தே ஓரளவு கண்டுகொள்ளலாம். மரங்கள் ஒரே திசையில் சாய்ந்திருந்தால் அது நேர்க்காற்று, அதாவது மேலே சொன்னதுபோல் சுழலாமல் பாயும் காற்று. குறுகிய தடத்தில் குறுக்கும் நெடுக்குமாக விழுந்திருந்தால் டொர்னேடோ எனச் சந்தேகிக்கலாம். தொட்டியை வைத்து முடிவு செய்ய வேண்டாம். காலித் தொட்டி எந்தக் காற்றுக்கும் ஓடும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி ஐயா. எங்கள் மரங்கள் அனைத்தும் கிழக்கு நோக்கியே கிடக்கின்றன.