கொல்லைல சின்னதா இன்னொரு வீடு கட்டலாமா?

திருநகர்வாசி:
திருநகர்ல 5 சென்ட் இடம்ணே, முன்னாடி 900 சதுர அடில வீடு, பின்னாடி கொல்லை சும்மா கெடக்கு, மாடில கட்டலாம்னா அம்மாவுக்கு மூட்டு வலி, அதான் கீழயே ஒரு ரூம், கிச்சன், பாத்ரூம்னு தனியா போட்ரலாமான்னு யோசிக்கிறேன். கலிபோர்னியால இதுக்குன்னே சட்டம் இருக்காம்ல?

பழைய மேஸ்திரி:
கட்டலாம் தம்பி. 2024 ஜூலைல நம்ம தமிழ்நாட்டுல சுயசான்று திட்டம், அதாவது பிளான் விதிப்படிதான் இருக்குன்னு நாமளே உறுதி குடுக்குறது, வந்துச்சுல்ல, 2500 சதுர அடி வரை மனை, 3500 சதுர அடி வரை கட்டடம், கீழயும் ஒரு மாடியும்னா ஆன்லைன்லயே உடனே அனுமதி. ஆனா ஒரே மனைல ரெண்டு வீடுன்னா எஞ்சினியர்ட்ட பிளானக் காட்டிட்டு எறங்கு. சுத்தி விட வேண்டிய எடத்த முழுங்கிராத, என் மச்சான் அப்படிக் கட்டிட்டு பக்கத்து வீட்டாளுகளோட ஆறு வருசமா பேச்சுவார்த்தை இல்லாம திரியுறான்.

சான்ஹோசே மதுரைக்காரன்:
ஆமா, இங்க கலிபோர்னியால 2020 ஜனவரிலருந்து புது சட்டம். அப்ளிகேஷன் போட்டா 60 நாள்ல முடிவு சொல்லணும், பக்கவாட்டுலயும் பின்னாடியும் 4 அடி விட்டா போதும், 800 சதுர அடி வரைக்கும் சிட்டி நிர்வாகம் மறிக்க முடியாது. கட்டுற செலவக் கேட்டாத்தான் மயக்கம் வரும்.

திருநகர்வாசி:
நன்றிண்ணே. கொல்லைல வேப்பமரம் ஒண்ணு நிக்குது, அம்மா வெட்ட விடாது, அதச் சுத்தித்தான் பிளான் போடணும் போல.