ஆண்ட்ராய்டு போனை மேக்புக்ல சொருகுனா சார்ஜ் மட்டும் ஏறுது, ஃபைல் எப்படி எடுக்குறது?

தும்பி:
வணக்கம். ரொம்ப நாளா விண்டோஸ் லேப்டாப் தான் வச்சிருந்தேன், இப்ப வேலைக்காக மேக்புக் வந்திருக்கு, போன் ஆண்ட்ராய்டு, அதை மாத்துற எண்ணம் இல்ல. விண்டோஸ்ல கேபிள் சொருகுனா போன் அப்படியே வந்து நிக்கும், வேணுங்குறத காப்பி பண்ணிப்பேன். இங்க சார்ஜ் ஏறுது, மேக்ல ஃபைல் பாக்குற ஃபைண்டர்ல ஒண்ணுமே காட்டல. போன்ல நோட்டிஃபிகேஷன தொட்டு ஃபைல் டிரான்ஸ்ஃபர்னு மாத்தியும் பாத்தாச்சு. பாப்பாவோட வீடியோ போட்டோ எல்லாம் சேந்து நூறு ஜிபி கிட்ட இருக்கு, போன்ல இடமே இல்ல. வாட்ஸ்அப்ல எனக்கே அனுப்பிக்கிட்டா குவாலிட்டி போயிடுது, கிளவுட்ல ஏத்தி இறக்குறது இந்த சைஸுக்கு ஆகுற வேலை இல்ல. அது போக தினமும் ரெண்டு மூணு பிடிஎஃப் இங்கேருந்து அங்க அங்கேருந்து இங்க போகணும். இதே மாதிரி வச்சிருக்கவங்க என்ன பண்றீங்க?

மின்கம்பி:
சகோ, போன்லயும் கோளாறு இல்ல லேப்டாப்லயும் கோளாறு இல்ல. ஆண்ட்ராய்டு கேபிள் வழியா ஃபைல் குடுக்குறது எம்டிபிங்குற முறைல. ரொம்பப் பழைய ஆண்ட்ராய்டு எல்லாம் பென்டிரைவ் மாதிரி ஸ்டோரேஜ மொத்தமா கம்ப்யூட்டர் கைல குடுத்துடும், ஆனா கம்ப்யூட்டர் அதை விடுற வரைக்கும் போனால அந்த ஸ்டோரேஜத் தொட முடியாது, அதனால தான் எம்டிபிக்கு மாறுனாங்க. விண்டோஸ்ல எம்டிபி உள்ளயே இருக்கு, லினக்ஸ்லயும் பெரும்பாலும் வந்துடும், மேக்ல கிடையாது. அதுக்குன்னு கூகுள் வச்சிருந்த ஆண்ட்ராய்டு ஃபைல் டிரான்ஸ்ஃபர் ஆப்பையும் 2024ல எடுத்துட்டாங்க. இப்ப அந்தப் பேர தேடுனா யார் யாரோ டவுன்லோட் பட்டன் வச்சிருப்பாங்க, தயவுசெஞ்சு அதுல கை வைக்காதீங்க, அந்த ஆப்ல 4 ஜிபிக்கு மேல உள்ள ஃபைல் வேற போகாது.

அதுக்குப் பதிலா ஓபன்எம்டிபிங்குற ஆப்ப மேக்ல போடுங்க. இலவசம், ஓப்பன் சோர்ஸ், ஒரு பக்கம் மேக் ஃபோல்டர் இன்னொரு பக்கம் போன் ஃபோல்டர் தெரியும், இழுத்துப் போட வேண்டியது தான். முதல்ல கேபிளப் பாருங்க, சார்ஜுக்கு மட்டும்னே வர்ற கேபிள்ல டேட்டா லைன் இருக்காது. புது மேக்புக்னா மொத தடவ சொருகும்போது ஆக்சஸரிய அனுமதிக்கவான்னு கேக்கும், அங்க வேணாம்னு குடுத்திருந்தா சார்ஜ் மட்டும் தான் ஏறும்.

கார்முகில்:
கேமரால எடுத்தது மட்டும்னா எதுவும் இன்ஸ்டால் பண்ணவே வேணாங்க. போன்ல அதே யூஎஸ்பி நோட்டிஃபிகேஷன்ல ஃபைல் டிரான்ஸ்ஃபருக்குக் கீழ பிடிபின்னு ஒண்ணு இருக்கும், அதைத் தொடுங்க. இப்ப மேக் உங்க போன ஒரு டிஜிட்டல் கேமரான்னு எடுத்துக்கும். மேக்லயே வர்ற இமேஜ் கேப்சர் ஆப்ப தொறந்தா போட்டோ வீடியோ எல்லாம் தேதியோட வரிசையா நிக்கும், ஒரு எக்ஸ்டர்னல் டிஸ்க்கக் காட்டி இறக்கிடுங்க. இறக்குனதும் போன்ல அழிக்கவான்னு ஒரு டிக் இருக்கும், அத மட்டும் போடாதீங்க. குழந்தை வீடியோ திரும்ப எடுக்க முடியாது, எல்லாம் ஓடுதான்னு நிதானமா பாத்துட்டு அப்புறம் கையால அழிங்க. வாட்ஸ்அப் ஃபோல்டர், டவுன்லோட்ஸ் எல்லாம் இதுல வராது, அதுக்கு மின்கம்பி சொன்ன ஓபன்எம்டிபி தான்.

இரவுப்பறவை:
தினசரி பிடிஎஃப்க்கு எதுக்கு கேபிள், லோக்கல்சென்ட்னு ஒரு ஆப் இருக்கு, அத போடுங்க. போன், மேக் ரெண்டுலயும் போட்டு ஒரே வைஃபைல இருந்தா போதும், இன்டர்நெட்டே வேணாம், ஃபைல் வெளி சர்வர் எதுக்கும் போகாது, அக்கவுன்ட் கேக்காது. விண்டோஸ், லினக்ஸ், ஐபோன் எல்லாத்துக்கும் இருக்கறதால வீட்ல ஆளுக்கொரு கம்பெனி வச்சிருந்தாலும் சமாளிக்கலாம், எனக்கு இதுல பிடிச்சதே அது தான்.

ரெண்டு இடத்துல மாட்டும். மேக் ஓஎஸ்ஸோட செகோயா வெர்ஷன்ல இருந்து ஒவ்வொரு ஆப்புக்கும் லோக்கல் நெட்வொர்க் அனுமதி தனியா குடுக்கணும், செட்டிங்ஸ்ல பிரைவசி பக்கத்துல இருக்கு, அது ஆஃப்ல இருந்தா போன் லிஸ்ட்லயே வராது. இன்னொண்ணு ஆஃபீஸ், கெஸ்ட் வைஃபை, அதுல பெரும்பாலும் ஒரு டிவைஸ் இன்னொண்ணப் பாக்க விடாது, எவ்ளோ தேடுனாலும் கிடைக்காது. அப்ப போன்ல மொபைல் டேட்டாவ அணைச்சிட்டு ஹாட்ஸ்பாட் போட்டு மேக்க அதுல சேருங்க. டேட்டாவ அணைக்கலன்னா ஹாட்ஸ்பாட் கிடைச்ச உடனே மேக் பின்னாடி அப்டேட், போட்டோ சிங்க்னு உங்க டேட்டாவத் தின்னுடும்.

மின்கம்பி:
லோக்கல்சென்ட் நல்ல ஆப் தான், ஆனா நூறு ஜிபிய வைஃபைல அனுப்பாதீங்க, ரவுட்டர் நடுவுல தடுமாறுனா எது வந்துச்சு எது வரலன்னு தேடிட்டு உக்காரணும். மொத்த மூட்டைக்கு கேபிள், சில்லறைக்கு வைஃபை. பிக்சல் 10 வச்சிருந்தா கதை வேற, 2025 நவம்பர்ல இருந்து ஆண்ட்ராய்டுல ஃபைல் அனுப்புற குயிக் ஷேர்லருந்தே, ஆப்பிளோட அதே மாதிரி வசதியான ஏர்டிராப் வழியா மேக்குக்கு நேரா அனுப்பலாம், மேக்ல ஏர்டிராப்ப எவ்ரிஒன்னு வைக்கணும்.

தும்பி:
என் போன் பிக்சல் இல்ல. மேக்ல அனுமதி குடுத்துட்டு பிடிபி மாத்துனதும் இமேஜ் கேப்சர்ல வந்துடுச்சு, ரொம்ப நன்றிங்க எல்லாருக்கும். போட்டோ எல்லாம் எக்ஸ்டர்னல் டிஸ்க்குக்குப் போயாச்சு. பெரிய வீடியோ மட்டும் பாதில நின்னுடுது, ஓபன்எம்டிபிலயும் அப்படித்தான். வேற வழி இருக்கா?

கார்முகில்:
ஹப் வழியா சொருகியிருந்தா எடுத்துட்டு நேரா லேப்டாப்ல சொருகுங்க, முடியுற வரைக்கும் போன் ஸ்கிரீன் லாக் ஆகாம வச்சுக்கோங்க. அப்பவும் நின்னா ஏடிபி தான் வழி, அதாவது கம்ப்யூட்டர்ல கமாண்ட் அடிச்சு ஆண்ட்ராய்டு போனோட பேசுற டூல். அது வர்ற கூகுளோட பிளாட்ஃபார்ம் டூல்ஸ மேக்ல இறக்குங்க, போன் செட்டிங்ஸ்ல அபௌட் போன் பக்கத்துல இருக்குற பில்ட் நம்பர ஏழு தடவ தட்டுனா டெவலப்பர் ஆப்ஷன்ஸ் வரும், அதுல யூஎஸ்பி டீபக்கிங்க ஆன் பண்ணி, மேக்ல கமாண்ட் அடிக்கிற டெர்மினல் ஆப்ல ஏடிபி புல் கமாண்ட் குடுத்து கேமரா ஃபோல்டர அப்படியே இழுத்துடலாம், கூட ஹைஃபன் ஏ சேத்தா ஃபைலோட தேதி மாறாது. எம்டிபிய நம்பி இருக்காததால பெரிய ஃபைலுக்கு இது தான் உறுதி. முடிச்சதும் டீபக்கிங்க ஆஃப் பண்ணிடுங்க.