வெளிநாட்டு அணியில் முதல் ஒப்பந்தம்: உடனிருந்து பார்த்தவர்களின் அனுபவங்கள்

இளையோர் அணிப் பயிற்சியாளர் எழுதுவது:

18, 19 வயதில் வெளிநாட்டுக் கூடைப்பந்து அணியொன்றில் சேரப்போகும் ஆட்டக்காரரைப் பற்றி யார் கருத்துக் கேட்டாலும், அங்கே அவருக்கு ஓர் ஆட்டத்தில் எத்தனை நிமிடங்கள் கிடைக்கும் என்பதையே நான் முதலில் விசாரிப்பேன். அணியின் புகழும் சம்பளமும் அதற்கு அடுத்தபடிதான். என்னிடம் பயின்ற இரண்டு இளைஞர்கள் ஒரே ஆண்டில் வெளிநாடு சென்றார்கள். அவர்கள் இருவரையும் தொடர்ந்து கவனித்ததில்தான் இந்தக் கருத்து எனக்கு உறுதியானது.

முதலாமவர் நல்ல உயரம், நீண்ட கைகள், உயரத்துக்கு மிஞ்சிய வேகம் என்று எல்லோரையும் கவர்ந்தவர். ஐரோப்பாவின் முதல் பிரிவு அணி ஒன்று அவரை எடுத்துக்கொண்டது. தேசிய அணிக்கு ஆடும் மூத்தவர்களோடு தினமும் பயிற்சி, தனி உடற்பயிற்சி நிபுணர், முழுநேர மருத்துவர் என்று அங்கே எதற்கும் குறைவில்லை. ஆனால் ஆட்ட நாளில் அவருக்கு பெஞ்சின் கடைசி இருக்கைதான். வெற்றியோ தோல்வியோ உறுதியான பிறகே களத்தில் இறக்குவார்கள். இரண்டாமவர் பாயிண்ட் கார்டு, அதாவது பந்தை முன்னெடுத்துச் சென்று ஆட்டத்தை வழிநடத்துபவர். உயரத்தைக் காரணம் காட்டிப் பெரிய அணிகள் அவரை ஒதுக்கிவிட்டன. சிறிய நாடொன்றின் இரண்டாம் பிரிவு அணியில் சேர்ந்தார். சம்பளம் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் முதல் மாதத்திலிருந்தே பந்து அவர் கையில் இருந்தது.

சீசன் முடிந்து இருவரும் என்னிடம் பயிற்சிக்கு வந்தபோது வேறுபாடு கண்கூடாகத் தெரிந்தது. பெரிய அணியிலிருந்து வந்தவரின் உடல் வலுவடைந்திருந்தது, எறியும் முறையும் சீராகியிருந்தது. ஆனால் பந்து கைக்கு வந்ததும் ஒரு கணம் தயங்கினார், அந்த ஒரு கணத்துக்குள் தடுப்பாளர் வந்து சேர்ந்துவிடுவார். பாயிண்ட் கார்டோ, பிக் அண்டு ரோல் (சக ஆட்டக்காரர் தடுப்பாளரை மறித்து நின்றுவிட்டு வளையத்தை நோக்கி நகரும் உத்தி) தொடங்குவதற்கு முன்பே எதிரணியின் உயரமானவர் மேலேறி வருவாரா, வளையத்தை நோக்கிப் பின்வாங்குவாரா என்பதை அவருடைய கால்களின் நிலையைக் கொண்டே கணித்தார். பயிற்சியில் தவறு நேர்ந்தால் விசில் ஊதி அதே நகர்வை மீண்டும் செய்யச் சொல்வோம். ஆட்டத்திலோ அந்தத் தவறு எதிரணிக்கு இரண்டு புள்ளிகளாகிவிடும், அடுத்த முறை பந்து வரும்போது அந்த நினைவைச் சுமந்துகொண்டேதான் முடிவெடுக்க வேண்டும். இந்தப் பழக்கத்தை நிமிடங்களைத் தவிர வேறெதனாலும் கொடுக்க முடியாது.

ஸ்லோவேனியாவின் லூகா டான்சிச் 13 வயதில் ரியல் மாட்ரிட் கூடைப்பந்து அணியின் இளையோர் பிரிவில் சேர்ந்து, 16 வயதில் ஐரோப்பாவின் முன்னணி அணிகள் மோதும் யூரோலீக் ஆட்டத்தில் இறங்கி, 2018-ல் அந்தத் தொடரின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் ஆனதைப் பெற்றோர்கள் என்னிடம் அடிக்கடி எடுத்துச் சொல்வார்கள். பெரிய அணியில் சேர்ந்து நிமிடங்களையும் பிடித்துக்கொள்பவர்கள் அரிதிலும் அரிது என்பதற்கே அவரை நான் சான்றாகக் கொள்வேன். யானிஸ் அன்டெடோகூன்போ 2013-ல் அமெரிக்காவின் என்.பி.ஏ. லீக்கின் டிராஃப்டில் (அணிகள் முறைவைத்துப் புதிய ஆட்டக்காரர்களைத் தேர்ந்தெடுக்கும் ஆண்டுத் தேர்வில்) 15-ஆவதாகத் தேர்வானபோது கிரீஸின் இரண்டாம் பிரிவில்தான் ஆடிக்கொண்டிருந்தார். நிகோலா யோகிச் 2014-ல் 41-ஆவதாகத் தேர்வான பின்னும் செர்பியாவின் மெகா அணியிலேயே மேலும் ஓராண்டு ஆடிவிட்டு, 2015-ல்தான் தம்மைத் தேர்ந்தெடுத்த டென்வர் அணிக்குச் சென்றார். 2021, 2022, 2024 ஆகிய மூன்று ஆண்டுகளில் என்.பி.ஏ.வின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருது அவருக்குக் கிடைத்தது. அந்த ஓராண்டை வீணான காத்திருப்பு என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

ஆட்டமே இடத்துக்கு இடம் மாறுகிறது என்பதையும் புதியவர்கள் உணர வேண்டும். உலகக் கூடைப்பந்துக் கூட்டமைப்பான ஃபீபாவின் விதிகளில் 10 நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள், என்.பி.ஏ.வில் 12 நிமிடங்கள். ஃபீபாவின் மூன்று புள்ளிக் கோடு வளையத்திலிருந்து 6.75 மீட்டரில் இருக்கிறது, என்.பி.ஏ.வில் வளைவின் உச்சியில் 7.24 மீட்டர். இவற்றைவிட முக்கியமானது, தடுப்பாளர் தன் ஆளை விட்டு விலகி வளையத்தடியில் மூன்று வினாடிகளுக்கு மேல் நிற்கக் கூடாது என்ற விதி என்.பி.ஏ.வில் உண்டு, ஃபீபாவில் இல்லை. ஆகவே ஐரோப்பிய அரங்குகளில் உயரமானவர் வளையத்தடியிலேயே காத்து நிற்பார். வேகத்தை மட்டும் நம்பி உள்ளே பாய்ந்து பழகிய இளைஞர்கள் முதல் சில வாரங்களில் திணறிப்போவதற்கு இதுவே பெரிய காரணம்.

வெளிநாட்டு லீக்குகளில் ஆடி ஓய்வு பெற்ற வீராங்கனை எழுதுவது:

பயிற்சியாளர் ஐயா எழுதியதில் எனக்கு முழு உடன்பாடு. ஆனால் அந்த நிமிடங்களை நமக்குத் தருவதும் தராததும் பெரும்பாலும் ஒப்பந்தத் தாளிலும் அந்த லீக்கின் விதிகளிலும் முன்பே எழுதப்பட்டிருக்கின்றன என்பது என் அனுபவம்.

பல லீக்குகளில் ஓர் அணி எத்தனை வெளிநாட்டவரை வைத்துக்கொள்ளலாம் என்பதற்கு வரம்பு உண்டு. ஜெர்மனியின் ஆடவர் முதல் பிரிவில் 12 பேர் கொண்ட ஆட்டப் பட்டியலில் வெளிநாட்டவர் ஆறு பேருக்கு மேல் இருக்க முடியாது. பெண்கள் லீக்குகள் பலவற்றில் இடங்கள் இதைவிடக் குறைவு. இவ்வளவு அருமையான இடத்தை எந்த அணி நிர்வாகமும் எதிர்காலத்தில் நன்றாக வரக்கூடிய புதியவருக்குக் கொடுக்க விரும்பாது; இன்றைக்கே 15 புள்ளிகள் எடுத்துத் தருபவரைத்தான் தேடும். உள்நாட்டு இளைஞர் நான்கு ஆட்டங்களில் சோபிக்காவிட்டால் பொறுத்துக்கொள்வார்கள், வெளிநாட்டவருக்கு அந்தப் பொறுமை கிடைக்காது. என் முதல் சீசனில் என்னோடு சேர்ந்த வேறொரு வெளிநாட்டுப் பெண் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்பே விடுவிக்கப்பட்டு, அவருடைய இடத்துக்கு அனுபவசாலி ஒருவர் வந்துவிட்டார். அந்தப் பெண்ணிடம் ஆற்றலுக்குக் குறை இல்லை. பழகிக்கொள்ள அவகாசம்தான் கொடுக்கப்படவில்லை. ஜப்பானின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான பி.லீக் 2020-ல் ஆசிய நாட்டவருக்கென்று தனி இட ஒதுக்கீட்டைத் தொடங்கியதை நான் பெரிதும் வரவேற்பது இதனால்தான். அந்த வழியில் முதலில் சென்ற பிலிப்பைன்ஸின் தர்டி ரவேனாவைத் தொடர்ந்து பலருக்கு அங்கே கதவு திறந்திருக்கிறது.

இனி ஒப்பந்தத்தைப் பற்றிச் சொல்கிறேன். நான் ஆடிய இரண்டாவது அணியில் மூன்றாம் மாதத்திலிருந்தே சம்பளம் தள்ளிப்போனது. விளம்பரதாரர் விலகிவிட்டார், அடுத்த வாரம் வந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே சீசனை முடித்துவிட்டார்கள். என் முகவர் தொடக்கத்திலேயே பிடிவாதமாக நின்று, தகராறு ஏற்பட்டால் கூடைப்பந்து நடுவர் தீர்ப்பாயத்திடம் முறையிடலாம் என்ற பிரிவைச் சேர்க்க வைத்திருந்தார். ஃபீபா 2007-ல் தொடங்கிய இந்தத் தீர்ப்பாயம் சுவிட்சர்லாந்தை மையமாகக் கொண்டது. ஒப்பந்தத்தில் அதைக் குறிப்பிட்டிருந்தால் மட்டுமே அதை அணுக முடியும். ஒரே ஒரு சமரச நடுவர் விசாரிப்பார், வழக்கு ஆங்கிலத்தில் நடக்கும். தீர்ப்பை மதிக்காத அணி புதிய ஆட்டக்காரர்களைப் பதிவு செய்ய முடியாதபடி ஃபீபா தடை விதிக்கலாம், அணிகள் உண்மையில் அஞ்சுவது அந்தத் தடைக்குத்தான். எனக்குத் தாமதமாகவேனும் பணம் கிடைத்தது. அதே அணியில் ஆடிய என் தோழியின் ஒப்பந்தத்தில் உள்ளூர் நீதிமன்றம் என்று இருந்தது. அந்த நாட்டின் மொழியும் தெரியாமல், வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமும் இல்லாமல் அவர் வெறுங்கையோடு ஊர் திரும்பினார். ஒரே கூடத்தில் ஒரே அளவு உழைத்த இருவரின் நிலையை ஒரு வரி இப்படிப் பிரித்ததை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் கொதிக்கிறது.

இன்னும் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். சம்பளத் தொகை வரிக்கு முந்தியதா பிந்தியதா என்று எழுதியிருக்க வேண்டும். மருத்துவப் பரிசோதனையை எத்தனை நாட்களுக்குள் முடிப்பார்கள் என்று வரையறுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் மூன்று வாரம் ஆட வைத்துப் பார்த்துவிட்டு முழங்காலைக் காரணம் காட்டி அனுப்பிவிட இடமிருக்கிறது. காயம் பட்டாலும், ஆட்டம் சரியில்லை என்று நினைத்தாலும் சம்பளம் நிற்காது என்ற உறுதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். வீடு, பயணச் சீட்டு, காப்பீடு ஆகியவற்றை வாய்மொழியாக விட்டுவிடக் கூடாது.

இளம் வயதில் நீண்ட ஒப்பந்தம் போடுபவர்கள், விலகிச் செல்வதற்குக் கொடுக்க வேண்டிய பைஅவுட் தொகையையும் நன்கு யோசிக்க வேண்டும். ஸ்பெயினின் ரிக்கி ரூபியோ 2009-ல் என்.பி.ஏ. டிராஃப்டில் ஐந்தாவதாக மினசோட்டா அணியால் தேர்வானபோது அவருடைய ஸ்பானிய அணிக்குத் தர வேண்டியிருந்த தொகை மிகப் பெரியதாக இருந்ததால் அவரால் உடனே மினசோட்டாவுக்குப் போக முடியவில்லை. பார்சிலோனாவுக்கு மாறி, அங்கே 2010-ல் யூரோலீக்கை வென்று, 2011-ல்தான் அமெரிக்கா சென்றார். இந்தத் தொகையில் ஒரு வரம்பு வரைதான் என்.பி.ஏ. அணி தன் கையிலிருந்து கொடுக்கலாம், மீதி ஆட்டக்காரரின் பொறுப்பு.

வீராங்கனை ஒருவரின் தந்தை எழுதுவது:

இருவருக்கும் என் நன்றி. என் மகளுக்கு வயது 17. ஐரோப்பிய அகாடமி ஒன்று அவளை அழைத்திருக்கிறது. 18 வயதுக்கு உட்பட்டவர்களை நாடு விட்டு நாடு மாற்ற ஃபீபா பொதுவாக அனுமதிப்பதில்லை என்றும், படிப்பு, குடும்ப இடமாற்றம் போன்ற சிறப்புக் காரணங்களுக்கு மட்டுமே விலக்கு உண்டு என்றும் அறிந்தேன். முகவரோ, பள்ளியில் சேர்த்துவிட்டால் போதும், மற்றதைத் தாம் பார்த்துக்கொள்வதாகச் சொல்கிறார். அவள் எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் போவதற்கு ஆயத்தமாக இருக்கிறாள். அவளுடைய ஆர்வத்தைக் குலைக்கவும் மனமில்லை, கண்ணை மூடிக்கொண்டு அனுப்பவும் துணிவில்லை. சகோதரி அவர்கள் வழி சொல்ல வேண்டும்.

அணியொன்றின் காணொளிப் பகுப்பாய்வாளர் எழுதுவது:

அந்தத் தந்தைக்கு வீராங்கனையே பதில் சொல்வார். டிராஃப்டைப் பற்றி நான் பார்த்தவற்றை மட்டும் பகிர்கிறேன், ஏனெனில் என்.பி.ஏ. என்ற ஒரே வாசலை நோக்கிப் பிள்ளைகளை விரட்டுவது எனக்கு வருத்தம் தருகிறது.

டிராஃப்டுக்கு வழக்கமாக இரண்டு சுற்றுகளில் 60 இடங்கள். தேர்வு நடக்கும் ஆண்டில் 19 வயதை எட்டும் வெளிநாட்டு ஆட்டக்காரர் தாமாகப் பெயர் கொடுக்கலாம், தேர்வுக்குப் பத்து நாட்களுக்கு முன்புவரை விலகிக்கொள்ளவும் செய்யலாம். 22 வயதை எட்டும் ஆண்டில் பெயர் தானாகவே சேர்ந்துவிடும். முதல் சுற்றில் எடுக்கப்பட்டு ஒப்பந்தம் செய்பவருக்கு முதல் இரண்டு ஆண்டுகளின் சம்பளம் உறுதி. இரண்டாம் சுற்றில் அப்படி விதிப்படியான உறுதி எதுவும் இல்லை. சத்னாம் சிங் 2015-ல் 52-ஆவதாக டல்லாஸ் அணியால் தேர்வானபோது, இந்தியாவில் பிறந்து டிராஃப்டில் தேர்வான முதல் ஆட்டக்காரர் என்று உலகமே கொண்டாடியது. ஆனால் அவர் என்.பி.ஏ.வின் முறையான ஆட்டம் ஒன்றில்கூட இறங்கவில்லை. மாறாக, 1999-ல் 57-ஆவதாகத் தேர்வான அர்ஜென்டினாவின் மனு ஜினோபிலி இத்தாலியில் ஆடி, 2001-ல் பொலோன்யா அணியோடு யூரோலீக்கை வென்று, 2002-ல் என்.பி.ஏ.வின் சான் அன்டோனியோ அணிக்கு முழுமையான ஆட்டக்காரராக வந்து சேர்ந்தார்.

ஜப்பானின் யூட்டா வதனபே 2018-ல் யாராலும் தேர்வு செய்யப்படாதவர். மெம்ஃபிஸ் அணியோடு டூ-வே ஒப்பந்தம் செய்துகொண்டார். அது என்.பி.ஏ. அணிக்கும் வளரும் ஆட்டக்காரர்களுக்கான ஜி லீக்கில் அதற்கு உள்ள துணை அணிக்கும் இடையே மாறி மாறி ஆடும் ஏற்பாடு. அங்கிருந்து தொடங்கி டொரான்டோ, புரூக்ளின், ஃபீனிக்ஸ் என்று ஆறு சீசன்கள் என்.பி.ஏ.வில் நிலைத்து நின்றார். அவருடைய ஆட்டக் காட்சிகளைத் துண்டு துண்டாகப் பிரித்துப் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: புள்ளிப் பட்டியலில் ஏறாத காரியங்களைத்தான் அவர் மிகுதியாகச் செய்தார். சரியான நேரத்தில் உதவிக்கு ஓடுவது, மூலையில் காத்திருந்து கிடைத்த பந்தைத் தயங்காமல் எறிவது, தளர்வாக உருளும் பந்துக்குத் தரையில் விழுவது ஆகியவையே அவை. எங்கள் அணிக்கு இளைஞர்கள் அனுப்பும் காணொளிகளில், துள்ளி எழுந்து பந்தை வளையத்துக்குள் திணிக்கும் டங்க் காட்சிகள்தான் நிறைந்திருக்கும். தேர்வுக் குழுவினர் என்னிடம் கேட்பதோ, பந்தை இழந்த பிறகு அந்த இளைஞர் திரும்பி ஓடுகிறாரா என்பதைக் காட்டும் முழு ஆட்டப் பதிவை.

வீராங்கனை மீண்டும் எழுதுவது:

மகளின் தந்தைக்கு. அண்ணா, 18 வயது நிறையும்வரை காத்திருப்பதில் இழப்பு எதுவும் இல்லை. பள்ளியில் சேர்த்துவிட்டு மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்பவரிடம், உங்கள் தேசியக் கூட்டமைப்பு தர வேண்டிய விடுவிப்புக் கடிதத்துக்கு யார், எந்தக் காரணத்தைச் சொல்லி விண்ணப்பிக்கப் போகிறார்கள் என்று எழுத்தில் கேளுங்கள். அந்தக் கடிதம் இல்லாமல் அவள் அங்கே அதிகாரபூர்வ ஆட்டம் எதிலும் இறங்க முடியாது, ஒரு சீசன் முழுவதும் பயிற்சியோடு கழிந்துவிடும். முகவர் ஃபீபாவின் உரிமம் பெற்றவரா என்பதை ஃபீபாவின் இணையதளத்திலேயே நீங்கள் சரிபார்க்கலாம்.

அமெரிக்கக் கல்லூரி வழியையும் தள்ளிவிட வேண்டாம். ரியல் மாட்ரிட்டில் வளர்ந்த யெகோர் டெமின் 2024-ல் அமெரிக்கக் கல்லூரியில் சேர்ந்து, அடுத்த ஆண்டே டிராஃப்டில் எட்டாவதாகத் தேர்வானார். அங்கே படிப்பும் நடக்கும், நிமிடங்களும் கிடைக்கும். ஆனால் தொழில்முறை ஒப்பந்தம் எதிலாவது இப்போது கையெழுத்திட்டால் கல்லூரி ஆட்டத்துக்கான தகுதி பாதிக்கப்படக்கூடும், ஆகவே அகாடமி தரும் தாள் பயிற்சி ஒப்பந்தமா தொழில்முறை ஒப்பந்தமா என்பதை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டித் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். அந்த அகாடமியிலிருந்து கடந்த சில ஆண்டுகளில் முதல் பிரிவு அணிக்கு உயர்ந்த வெளிநாட்டுப் பெண்கள் யார் என்றும் கேளுங்கள். அவர்களில் ஒருவருடனாவது உங்கள் மகள் நேரில் பேசிவிட்டு முடிவெடுக்கட்டும்.