சீனச் சிறுநகரங்கள்: ரோடு அகலமாகுது, இணைப்பு ஏன் குறையுது?

நகரமைப்பு மாணவி:
ஆய்வுக்குச் சீனாவின் மொத்த வியாபார ஊரான யிவூ நகரத்தை எடுத்திருக்கேன். ஊர் விரிய விரிய, குறுக்கே ரோடு இல்லாத பெரிய பெரிய கட்டங்களாவே ஏன் வளருது? இணைப்பை அளக்க, ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் (யார் வேணும்னாலும் திருத்தக்கூடிய இலவச இணைய வரைபடம்) ரோடு சந்திப்புகளை எண்ணினா போதுமா? அங்கே இருக்கிறவங்க சொல்லுங்க.

யிவூவாசி:
நான் இங்கே கொள்முதல் ஏஜென்ட். பழைய கிராமங்களை இடிச்சுக் கட்டின நாலஞ்சு மாடி வரிசை வீட்டுப் பேட்டைகளைப் பாருங்க. கீழே கடை, குடோன், மேலே குடித்தனம். எந்தச் சந்தில் நுழைஞ்சாலும் வேற பக்கம் வெளியே வந்துடலாம். பார்சலுக்கு டேப் இழுக்கிற சத்தம் ராத்திரி வரை கேட்கும், பேட்டரி மூணுசக்கர வண்டி வாசல் வரை வரும்.

புது அடுக்குமாடிகள் அப்படியில்லை. நாலு பக்கமும் வேலி, கார்டு தேய்ச்சாத்தான் திறக்கிற கேட். எதிர்ச்சாரியில் காய்கறிக்கடை கண்ணுக்குத் தெரியும். ஆனா கேட் வரை சுத்தி, அகலமான ரோட்டில் சிக்னலுக்கு நின்னு போகணும். பேரப்பிள்ளையைக் கையில் பிடிச்சுக்கிட்டு வயசானவங்க அப்படி நடக்கிறதைப் பார்த்தா மனசு கேட்கலை.

காரணம் நிலம். நகர நிலம் அரசுடையது. 1994 வரிச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வரி வருவாயில் மத்திய அரசின் பங்கு ஏறிடுச்சு. உள்ளூர் நிர்வாகங்கள் நிலக் குத்தகைப் பணத்தை நம்ப ஆரம்பிச்சாங்க. பெரிய மனையா ஒரே பில்டருக்கு விட்டா, சுத்தி மெயின் ரோடு போட்டா போதும். உள்ளே ரோடு அவர் செலவு.

நகரமைப்பு மாணவி:
நன்றி அண்ணா. 2016ல அரசு குடியிருப்புச் சுவரைத் திறக்கச் சொன்னாங்களே?

யிவூவாசி:
பிப்ரவரி 2016ல மத்திய அரசு விட்ட வழிகாட்டுதல் அது. புதுசா அடைப்புக் குடியிருப்பு வேண்டாம், 2020க்குள் சதுர கிலோமீட்டருக்கு 8 கிலோமீட்டர் ரோடு வேணும்னாங்க. நல்ல யோசனை, நான் முழு ஆதரவு. ஆனா பழைய குடியிருப்புகளையும் படிப்படியாத் திறக்கணும்னதும் எதிர்ப்பு கிளம்பிடுச்சு. உள்ரோட்டுக்கும் சேர்த்துத்தானே காசு கொடுத்தோம்னு கேட்டாங்க. அப்போ இருந்த 2007 சொத்துச் சட்டமும் உள்ரோடு வீட்டுக்காரங்களோட கூட்டுச் சொத்துன்னுதான் சொல்லிச்சு.

வரைபடப் பிரியன்:
சந்திப்பை மட்டும் எண்ணாதீங்க, முட்டுச்சந்து விகிதமும் எடுங்க. வரைபடத்தில் இணைஞ்சிருக்கிற உள்ரோடு நிஜத்தில் பூட்டின கேட்டில் முடியலாம். அப்புறம், சீன வரைபடங்கள் ஜிசிஜே-02 முறையில் இருக்கும், அதாவது இடங்களை வேணும்னே கொஞ்சம் நகர்த்திக் காட்டுற அரசு ஆயத்தொலை முறை. மாத்தாம ஓபன்ஸ்ட்ரீட்மேப் மேல வச்சா சில நூறு மீட்டர் கூடத் தள்ளிப்போகும்.

யிவூவாசி:
கேட் இருக்கிற இடங்களைக் குறிச்சு அனுப்புங்க. எது வெளியாளுக்குத் திறக்குதுன்னு போய்ப் பார்த்துச் சொல்றேன்.